பிளாஸ்மாவில் நைட்ரஜன் நிலைப்படுத்தல்: நிறமாலை அளவீடு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காற்றிலுள்ள நைட்ரஜனை, மின்சாரத்தால் அயனியாக்கப்பட்ட வாயுவான பிளாஸ்மாவில் நைட்ரிக் ஆக்சைடு, அமோனியா போன்ற சேர்மங்களாக மாற்றுவதே இங்கே பேசும் நிலைப்படுத்தல். இந்த ஆய்வில் புதிதாக இறங்குகிறவர்களும், உலையைக் கட்டி முடித்துவிட்டு அதன் ஒளியைப் பார்த்துக் குழம்பி நிற்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் ஐயங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறோம். ஒரு முறை சொன்னதை மறுபடி சொல்லாமல் கேள்வி எண்ணைக் காட்டியிருக்கிறோம்.

1. ஹேபர்-பாஷ் முறைதான் நூறு வருஷத்துக்கு மேல ஓடுதே, பிளாஸ்மாவுக்கு என்ன தேவை?

காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன்தான். ஆனால் அதன் இரு அணுக்களையும் கட்டியிருக்கும் முப்பிணைப்பை உடைக்க 9.8 எலக்ட்ரான் வோல்ட், அதாவது மோலுக்கு 945 கிலோஜூல் வேண்டும். 1913-இல் ஜெர்மனியின் ஓப்பாவில் தொழிற்சாலை அளவில் தொடங்கிய ஹேபர்-பாஷ் முறை இரும்பு வினையூக்கி, 400 முதல் 500 டிகிரி செல்சியஸ், 100 பாருக்கு மேற்பட்ட அழுத்தம் ஆகியவற்றைக் கொண்டு நைட்ரஜனை ஹைட்ரஜனோடு சேர்த்து அமோனியாவாக்கி இதைச் சமாளிக்கிறது. நவீனப் பெரிய ஆலையில் ஒரு மோல் அமோனியாவுக்கு ஆகும் ஆற்றல் ஏறத்தாழ அரை மெகாஜூல்.

பிளாஸ்மா வழி அதற்கும் மூத்தது. பிர்க்லாண்ட்-எய்டே முறையில் மின்வில்லைக் காந்தப்புலத்தால் வட்டத் தட்டாக விரித்து, அதனூடே காற்றைச் செலுத்தி, 1 முதல் 2 சதவீதம் நைட்ரிக் ஆக்சைடு எடுத்தார்கள். 1905-இல் நார்வேயின் நோட்டோடனில் ஆலையே ஓடியது. மின்சாரத்தை அளவில்லாமல் குடித்ததால் ஹேபர்-பாஷிடம் தோற்றது. இப்போது அது திரும்பி வரக் காரணம், காற்றும் மின்சாரமும் இருந்தால் போதும் என்பதும், நினைத்த நேரத்தில் நிறுத்தித் தொடங்கலாம் என்பதும். ஆற்றல் செலவு மட்டும் இன்னும் மோலுக்குச் சில மெகாஜூலிலேயே நிற்கிறது. அது எங்கே வீணாகிறது என்று கண்டுபிடிக்கத்தான் நிறமாலை, அதாவது ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்துப் பார்ப்பது.

2. வெளியே வர்ற கேஸை அளந்தாலே விளைச்சல் தெரிஞ்சிடுமே. உள்ளே எட்டிப் பார்த்து என்ன ஆகப்போகுது?

விளைச்சல் தெரியும். ஏன் அவ்வளவுதான் என்பது தெரியாது. காற்றுப் பிளாஸ்மாவில் முக்கியமான பாதை செல்டோவிச் வினைகள்: ஆக்சிஜன் அணு நைட்ரஜன் மூலக்கூறைத் தாக்கி ஒரு நைட்ரிக் ஆக்சைடையும் ஒரு நைட்ரஜன் அணுவையும் தருகிறது, அந்த அணு ஆக்சிஜன் மூலக்கூறோடு வினைபுரிந்து இன்னொரு நைட்ரிக் ஆக்சைடைத் தருகிறது. முதல் வினைக்குச் சுமார் 3.3 எலக்ட்ரான் வோல்ட் தடை இருக்கிறது. அதை வாயுவின் வெப்பத்தால் தாண்டலாம். மூலக்கூறின் அதிர்வு ஆற்றலாலும் தாண்டலாம். நைட்ரஜனின் ஓர் அதிர்வுப் படி 0.29 எலக்ட்ரான் வோல்ட் என்பதால் பத்துப் பன்னிரண்டு படிகள் ஏற வேண்டும்.

வெப்பத்தால் தாண்டினால், வாயுவைச் சட்டென்று குளிர்விக்காவிட்டால் உருவானது திரும்பச் சிதையும். அதிர்வால் தாண்டினால் வாயுவைச் சூடாக்கிய செலவு மிச்சம். உங்கள் உலையில் எது நடக்கிறது என்பதை வாயு வெப்பநிலை, அதிர்வு வெப்பநிலை (மூலக்கூறின் அதிர்வு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதன் அளவு), மின்புலம் ஆகிய மூன்றும் தெரிந்தால்தான் சொல்ல முடியும். மூன்றையும் வெளியேறும் வாயுவிலிருந்து பெற வழியில்லை.

3. எல்லா மெஷினும் வாங்க முடியாது. எதுல ஆரம்பிக்கலாம்?

இரண்டு போதும். பிளாஸ்மாவின் ஒளியைப் பார்க்க ஓர் உமிழ்வு நிறமாலைமானி. வெளியேறும் வாயுவைப் பார்க்க ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று அளக்கும் ஓர் உட்கவர் நிறமாலைமானி: அகச்சிவப்பில் எஃப்டிஐஆர் (ஃபூரியே மாற்ற அகச்சிவப்புக் கருவி) அல்லது புற ஊதாவில் ஒரு டியூட்டீரியம் விளக்கும் சிறிய நிறமாலைமானியும். முதலாவது பிளாஸ்மாவின் நிலையைச் சொல்லும், இரண்டாவது விளைபொருளின் அளவைச் சொல்லும். இந்த இரண்டு வேலைகளையும் குழப்பிக்கொள்வதால்தான் கீழே உள்ள கேள்விகளில் பாதி பிறக்கின்றன. லேசர் முறைகள் பிறகு (கேள்வி 15).

4. சாதாரண ஃபைபரும் சின்ன ஸ்பெக்ட்ரோமீட்டரும் போதுமா?

பட்டைகளை அடையாளம் காணப் போதும்; வெப்பநிலை கணக்கிடப் போதாது. 200 முதல் 900 நானோமீட்டர் வரை ஒரே வீச்சில் காட்டும் கையடக்கக் கருவிகளின் பிரிதிறன் பெரும்பாலும் 0.5 முதல் 1.5 நானோமீட்டர். பட்டைக்குள் மூலக்கூறின் சுழற்சியால் வரும் நுண்கோடுகளை, அதாவது சுழற்சி அமைப்பைப் பொருத்திப் பார்க்க 0.1 நானோமீட்டர் அளவு வேண்டும். அரை மீட்டர் குவியத்தூரமும் மில்லிமீட்டருக்கு 1200 கோடுகள் கொண்ட கீற்றணியும் (ஒளியைப் பிரிக்கும் கோட்டுத் தட்டு) உள்ள கருவியில் ஒரு மில்லிமீட்டருக்கு சுமார் 1.6 நானோமீட்டர் விரியும். அதில் 50 மைக்ரோமீட்டர் பிளவு வைத்தால் 0.08 நானோமீட்டர் கிடைக்கும்.

ஒளியிழை, வில்லை, சாளரம் மூன்றும் உருகு சிலிகாவாக இருக்க வேண்டும். சாதாரணக் கண்ணாடி ஒன்று நடுவில் வந்தாலும் நைட்ரிக் ஆக்சைடின் 200–280 நானோமீட்டர் பகுதி முழுக்க மறைந்துவிடும். பலர் "எங்கள் பிளாஸ்மாவில் அது இல்லை" என்று முடிவு கட்டுவது இப்படித்தான். சிலிகா இழையிலும் 260 நானோமீட்டருக்குக் கீழே தொடர்ந்து புற ஊதா பட்டால் ஊடுருவல் படிப்படியாகக் குறையும். அதைத் தாங்கும் வகை இழையை வாங்குங்கள், அளக்காத நேரத்தில் மூடியால் ஒளியைத் தடுங்கள், அளவுதிருத்தத்தை அவ்வப்போது மறுபடி எடுங்கள்.

அலைநீளத்துக்குப் பாதரச-ஆர்கான் விளக்கு: 253.65, 334.15, 404.66, 435.83, 546.07 நானோமீட்டர் வரிகள். கருவியின் வரி அகலத்தை அளக்க 313-ஐ எடுக்காதீர்கள். அங்கே 313.16, 313.18 என்று இரண்டு வரிகள் ஒட்டிக்கொண்டு இருக்கின்றன; அகலம் பொய்யாகக் கூடும். ஒளிச்செறிவுத் திருத்தத்துக்கு 400-க்குக் கீழே டியூட்டீரியம் விளக்கு, அதற்கு மேலே டங்ஸ்டன் ஹாலஜன். இரண்டும் சந்திக்கும் 350–400 பகுதியில் இரண்டு வளைவுகளும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். போகாவிட்டால் விளக்கு வைத்த கோணம் தவறு.

5. ஸ்பெக்ட்ரம் எடுத்தாச்சு. எது எதுன்னு சொல்லுங்க.

எண்கள் எல்லாம் நானோமீட்டரில். 300 முதல் 410 வரை வரிசையாக நிற்கும் பட்டைகள் நைட்ரஜனின் இரண்டாம் நேர்த் தொகுதி, அதாவது மூலக்கூறு கிளர்வுற்ற சி நிலையிலிருந்து அதற்குக் கீழுள்ள பி நிலைக்கு (இவை அதன் எலக்ட்ரான் ஆற்றல் நிலைகளின் பெயர்கள்) இறங்கும்போது வரும் ஒளி: 315.9, 337.1, 357.7, 375.5, 380.5, 399.8, 405.9. 391.4, 427.8 இரண்டும் நைட்ரஜன் மூலக்கூறு அயனி. 500-க்கு மேல் அகன்று கிடப்பது முதல் நேர்த் தொகுதி. 226, 237, 247, 259 அருகே நைட்ரிக் ஆக்சைடின் காமா பட்டைகள். ஈரம் இருந்தால் 309-இல் ஹைட்ராக்சில். ஆக்சிஜன் அணு 777, 844.6, நைட்ரஜன் அணு 742.4, 744.2, 746.8, ஹைட்ரஜன் 656.3, 486.1.

நைட்ரஜன் சி-பி பட்டைகளின் கூரான விளிம்பு நீண்ட அலைநீளப் பக்கம் இருக்கும், வால் குறுகிய அலைநீளப் பக்கம் சரியும். விளிம்பு எதிர்ப்பக்கம் இருந்தால் அது வேறு ஏதோ. 388.3-இல் விளிம்பு தெரிந்தால் சயனோஜன்: எங்கிருந்தோ கார்பன் நுழைகிறது. பம்ப் எண்ணெய், சிலிகோன் குழாய், கரிம ஒட்டுப்பசை ஆகியவற்றைத் தேடுங்கள். அதன் அருகே 391.4 இருப்பதால் அயனியின் அளவும் கெடும்.

6. 674-ல ஒரு பீக் வருது, எந்த டேபிள்லயும் இல்ல!

674.2-ஐ இரண்டால் வகுங்கள்: 337.1. கீற்றணியின் இரண்டாம் வரிசை விளிம்பு விளைவு அது: 337.1 ஒளியே இரு மடங்கு அலைநீள இடத்தில் மறுபடி தெரிகிறது. 631.8 தெரிந்தால் அதுவும் 315.9-இன் நிழல்தான். 400 நானோமீட்டருக்கு மேல் மட்டும் விடும் வடிப்பானை முன்னால் வைத்துப் பாருங்கள். மறைந்தால் சந்தேகம் தீர்ந்தது. சிவப்புப் பகுதியை எப்போதும் அந்த வடிப்பானோடுதான் அளக்க வேண்டும்.

7. பவரை ஏத்தினா நைட்ரிக் ஆக்சைடு காமா பட்டை பெருசாகுது. அப்போ விளைச்சலும் கூடுதுன்னு எழுதலாமா?

எழுதாதீர்கள். விளக்கு எரியும் ஜன்னல்களை எண்ணி வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று சொல்வது போன்றது அது. காமா பட்டை கிளர்வுற்ற ஏ நிலையிலிருந்து வருகிறது. அந்த நிலைக்கு மூலக்கூறை ஏற்றிவிடுவது பெரும்பாலும் நைட்ரஜனின் சிற்றுறுதி நிலை (ஒளியாக எளிதில் இறங்காமல் ஆற்றலைச் சுமந்து திரியும் நிலை): 6.17 எலக்ட்ரான் வோல்ட் சுமக்கும் அந்த மூலக்கூறு, சுமார் 5.5 மட்டும் தேவைப்படும் நைட்ரிக் ஆக்சைடுக்கு அதைக் கைமாற்றுகிறது. ஆகவே ஒளி கூடினால் நைட்ரிக் ஆக்சைடு கூடியிருக்கலாம், சிற்றுறுதி நைட்ரஜன் கூடியிருக்கலாம், இரண்டும் இருக்கலாம்.

மறுபக்கமும் உண்டு. ஆக்சிஜன் மூலக்கூறு அந்தச் சிற்றுறுதி நிலையையும் தணிக்கும் (மோதி ஆற்றலைப் பறிக்கும்), ஒளிர வேண்டிய ஏ நிலையையும் வேகமாகத் தணிக்கும். நைட்ரஜன் மூலக்கூறோ நைட்ரிக் ஆக்சைடின் அந்த ஏ நிலையை ஏறக்குறையத் தொடுவதே இல்லை. அதனால் நைட்ரஜனில் துளி ஆக்சிஜன் கலந்த பிளாஸ்மாவில் காமா பட்டை பிரகாசமாகவும், விளைச்சல் அதிகமான காற்றுப் பிளாஸ்மாவில் அதே பட்டை மங்கியும் தெரியும். ஆக்சிஜன் விகிதத்தை மாற்றும் சோதனையில் காமா பட்டையை வைத்து விளைச்சலை ஒப்பிட்டால் முடிவு தலைகீழாகவே வரக்கூடும். அளவுக்கு உட்கவர்தல் முறையை நம்புங்கள்: 226 நானோமீட்டரில் புற ஊதா, அல்லது அகச்சிவப்பு.

8. வாயு வெப்பநிலையை ஒளியை வச்சு எப்படிக் கண்டுபிடிக்கிறது? தெர்மோகப்பிள் விட்டா ஆகாதா?

தெர்மோகப்பிள் பிளாஸ்மாவுக்குள் போனால் தானே ஒரு மின்முனையாகிவிடும். நைட்ரஜன் பட்டையின் வால் எவ்வளவு நீளம் சரிகிறது என்பதே வெப்பமானி. சூடான வாயுவில் உயர் சுழற்சிப் படிகள் நிரம்பும், வால் நீளும். ஸ்பெக்ஏர், மாசிவ்ஓஇஎஸ் போன்ற நிரல்கள் கணக்கிட்ட நிறமாலையை உங்களுடையதோடு பொருத்திக் காட்டும். பாதரச வரியில் அளந்த அகலத்தை முதலில் உள்ளிடுங்கள். அதையும் வெப்பநிலையையும் ஒரே நேரத்தில் நிரலே தேடட்டும் என்று விட்டால் ஒன்று மற்றொன்றின் பிழையை விழுங்கும். பின்னணியைப் பட்டை இல்லாத இடத்தில் எடுத்துக் கழியுங்கள். உச்சி சிசிடியில் (கருவியின் ஒளியுணரியில்) நிரம்பி வெட்டுப்பட்டிருந்தால் வால் ஒப்பீட்டில் பெரிதாகத் தெரிந்து வெப்பநிலை கூடுதலாக வரும்.

ஆர்கான் நிறையக் கலந்த பிளாஸ்மாவில் இந்த எண்ணை அப்படியே வாயு வெப்பநிலை என்று எடுக்கக் கூடாது. 11.55, 11.72 எலக்ட்ரான் வோல்ட் கொண்ட ஆர்கான் சிற்றுறுதி அணுக்கள் நைட்ரஜனை நேரடியாக சி நிலைக்கு ஏற்றும்போது உயர் சுழற்சிப் படிகளையும் சேர்த்து நிரப்புகின்றன. வாயு குளிர்ந்திருக்க, பொருத்தம் பல நூறு கெல்வின் கூடுதலாகச் சொல்லும். ஒரே வெப்பநிலைக் கோடு வாலின் நுனியில் பொருந்தாமல் நின்றால் அதுதான் அறிகுறி.

9. அதிர்வு வெப்பநிலை 3000 கெல்வின் வருது. அப்போ என் பிளாஸ்மா அதிர்வு வழியில்தானே வேலை செய்யுது?

அவசரப்பட வேண்டாம். 380.5, 375.5, 371.0 பட்டைகளின் விகிதத்திலிருந்து கிடைப்பது சி நிலையின் அதிர்வுப் பரவல். செல்டோவிச் வினைக்கு வேண்டியது அடிநிலையின் (கிளர்வுறாத மூலக்கூறின்) பரவல். எலக்ட்ரான் மோதி அடிநிலையிலிருந்து மேலே ஏற்றும்போது ஃபிராங்க்-காண்டன் காரணிகளின்படி (இரு நிலைகளின் அதிர்வுப் படிகளுக்கு இடையே தாவும் வாய்ப்புகளின்படி) பரவல் மாறிவிடுகிறது. அறை வெப்பநிலையில் இருக்கும் நைட்ரஜனை எலக்ட்ரானால் அடித்தாலே சி நிலை ஆயிரக்கணக்கான கெல்வின் போலத் தோன்றும். ஆகவே திரும்பக் கணக்கிட்டு அடிநிலைக்கு வர வேண்டும். கேள்வி 8-இல் சொன்ன ஆர்கான் குறுக்கீடு இருந்தால் அந்தக் கணக்கும் நிற்காது.

நேரடியாகப் பார்க்க ராமன் சிதறல் (லேசர் ஒளி மூலக்கூறின் அதிர்வால் அலைநீளம் மாறிச் சிதறுவது) வேண்டும். நைட்ரஜன் மூலக்கூறு சமச்சீரானது, அகச்சிவப்பை உட்கவராது. ஆனால் 2330 செ.மீ⁻¹ (சென்டிமீட்டருக்கு எத்தனை அலை என்ற அளவு) ராமன் பெயர்ச்சி தரும். உயர் அதிர்வுப் படிகள் அதற்குச் சற்றுக் குறைந்த எண்களில் தனித்தனியாகத் தெரியும். பிறகு ஒப்பிட வேண்டியது வாயு வெப்பநிலையோடு. இரண்டும் 3000 என்றால் அது வெப்ப வழிதான், அதிர்வு வழி என்று பெருமைப்பட ஒன்றுமில்லை.

10. நைட்ரஜன்-ஹைட்ரஜன் பிளாஸ்மா. 337-ல வர்றது நைட்ரஜனா, என்ஹெச்-ஆ?

இரண்டும். என்ஹெச், அதாவது ஒரு நைட்ரஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த துண்டு, 336.0-இல் கூர்முனை காட்டும், 337.0-இலும் அதன் அடுத்த பட்டை உண்டு, நைட்ரஜன் 337.1-இன் வால் சரியாக 336-இன் மேல்தான் விழுகிறது. ஒரு நானோமீட்டர் பிரிதிறன் உள்ள கருவியில் இவை ஒரே மேடு. அதன் உயர்வை என்ஹெச் என்று அறிக்கையில் போட்டால் தவறு.

அதே நிலைமையில் ஹைட்ரஜன் இல்லாமல் ஒரு நிறமாலை எடுத்து, 357.7 பட்டையின் உயரத்தை வைத்து அளவு பொருத்திக் கழிப்பது எளிய வழி. ஹைட்ரஜன் சேர்ந்ததும் வாயு வெப்பநிலை மாறினால் வாலின் வடிவமும் மாறும் என்பதால் மீதியில் சிறு பிழை நிற்கும். சுழற்சி வெப்பநிலைக்கு இந்தக் கலவையில் 337.1-ஐ விட்டுவிட்டு 380.5-ஐ எடுங்கள். இன்னொன்று: என்ஹெச் ஒளிர்வது அமோனியா உருவாவதையும் காட்டலாம், உருவான அமோனியா பிளாஸ்மாவில் மறுபடி உடைவதையும் காட்டலாம்.

11. மின்புலம், எலக்ட்ரான் அடர்த்தி இதெல்லாமும் ஒளியிலேயே கிடைக்குமாமே?

மின்புலத்துக்கு 391.4, 394.3 பட்டைகளின் விகிதம் நல்லது. அயனியின் 391.4-க்கு அடிநிலையிலிருந்து ஏற்ற 18.7 எலக்ட்ரான் வோல்ட் தேவை, நைட்ரஜன் மூலக்கூறின் 394.3-க்கு 11 சொச்சத்தில் முடியும். ஆகவே விகிதம் புலத்தோடு கூடுகிறது. அருகருகே இருப்பதால் ஒளிச்செறிவுத் திருத்தமும் பெரிதாகத் தொல்லை தராது. மின்கடத்தாத் தடுப்பு மின்னிறக்கத்தின் (மின்முனைகளுக்கு நடுவே மின்கடத்தாத் தட்டு உள்ள பிளாஸ்மாவின்) இழைகளில் இது வேலை செய்யும். மைக்ரோவேவ் பிளாஸ்மாவிலும் வழுக்கு மின்வில்லிலும் (வாயு ஓட்டத்தால் மின்முனைகள் மேல் நகரும் வில்) புலம் தாழ்ந்தது. அங்கே அயனி ஒளி படிப்படியான வேறு வழிகளில் வரும் என்பதால் இந்த விகிதம் பொருந்தாது.

எலக்ட்ரான் அடர்த்திக்கு ஹைட்ரஜன் 486.1 வரியின் ஸ்டார்க் அகலம் (சுற்றியுள்ள மின்னூட்டங்களால் வரி விரியும் அளவு). கன சென்டிமீட்டருக்கு 10¹⁵ இருந்தால் சுமார் 0.2 நானோமீட்டர், 10¹⁴ என்றால் 0.04 மட்டுமே. வளிமண்டல அழுத்தத்தில் குளிர்ந்த வாயுவின் வான் டெர் வால்ஸ் அகலமே (அண்டை மூலக்கூறுகளால் வரும் விரிவு) அதைவிடப் பெரிது. ஆகவே 10¹⁴-க்குக் கீழே இந்த முறையில் வரும் எண்ணை நம்ப வேண்டாம்.

12. எஃப்டிஐஆர்-ல எந்த எண்ணைப் பார்க்கணும்? செல் எப்படி இருக்கணும்?

நைட்ரிக் ஆக்சைடு 1876, நைட்ரஜன் டை ஆக்சைடு 1617, நைட்ரஸ் ஆக்சைடு 2224, ஓசோன் 1055, டைநைட்ரஜன் பென்டாக்சைடு 1246, நைட்ரிக் அமிலம் 879-உம் 1710-உம், அமோனியா 931-உம் 967-உம். எல்லாம் செ.மீ⁻¹-இல். நீராவி 1300 முதல் 1900 வரை காடு போல நிற்பதால் முதல் இரண்டையும் மறைக்கும். கருவியின் உள்ளே உலர் நைட்ரஜன் ஓட விடுங்கள், பின்னணியையும் அதே ஓட்டத்தில் எடுங்கள்.

செல்லின் (வாயு ஓட, ஒளி குறுக்கே போகும் குழாயின்) சாளரத்துக்குப் பொட்டாசியம் புரோமைடு வேண்டாம். ஈரமும் அமிலமும் சேர்ந்து அரித்துவிடும். கால்சியம் ஃபுளோரைடு உறுதியானது, ஆனால் 1100-க்குக் கீழே மூடிக்கொள்ளும்: ஓசோனும் அமோனியாவும் தெரியாது. பேரியம் ஃபுளோரைடு சுமார் 800 வரை விடும்.

விளைச்சல் சதவீதக் கணக்கில் இருந்தால் 10 சென்டிமீட்டர் செல்லிலேயே 1617 பட்டை நிரம்பி உச்சி தட்டையாகும். அப்போது 2906 அருகே இருக்கும் வலுக்குறைந்த கூட்டுப்பட்டையைப் பயன்படுத்துங்கள். நைட்ரிக் ஆக்சைடில் வேறு சிக்கல். அதன் தனி வரிகளின் அகலம் வளிமண்டல அழுத்தத்தில் 0.1 செ.மீ⁻¹ அளவுதான். 1 செ.மீ⁻¹ பிரிதிறனில் அளக்கும்போது உட்கவர் அளவு செறிவுக்கு நேர்விகிதமாக ஏறாது. ஒரே ஒரு தரவாயுவை (செறிவு தெரிந்த வாயுவை) வைத்து நேர்கோடு போடாமல், நான்கைந்து செறிவுகளில் வளைவு வரையுங்கள்.

13. நைட்ரிக் ஆக்சைடு, டை ஆக்சைடு விகிதம் ஒவ்வொரு தடவையும் மாறுது. ட்யூப் நீளத்தை மாத்தினா அதுவும் மாறுது!

உங்கள் குழாயே ஓர் உலை. நைட்ரிக் ஆக்சைடு ஆக்சிஜனோடு சேர்ந்து டை ஆக்சைடாகும் வேகம் நைட்ரிக் ஆக்சைடு செறிவின் இருமடியைப் பொறுத்தது. அறை வெப்பநிலைக் காற்றில் 100 பிபிஎம் பாதியாகக் குறைய அரை மணி நேரம் ஆகும். 1 சதவீதம் பாதியாகச் சுமார் 20 விநாடி போதும். ஆகவே செறிவு கூடிய சோதனையில் விகிதம் மாறுவது பிளாஸ்மாவின் குணமல்ல. குழாயும் செல்லும் சேர்ந்த கனஅளவை ஓட்ட வேகத்தால் வகுத்து, எத்தனை விநாடி என்று எழுதி வையுங்கள். குளிரக் குளிர இந்த வினை வேகமெடுக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இரண்டின் மொத்தத்தை நம்பலாம், விகிதத்தை எச்சரிக்கையோடு சொல்லலாம். மொத்தத்திலும் ஓர் ஓட்டை உண்டு: டை ஆக்சைடு 1 சதவீதத்தை எட்டும்போது அறை வெப்பநிலையில் அதன் இருபடி மூலக்கூறும் 0.07 சதவீதம் அளவு இருக்கும். அதில் இரண்டு நைட்ரஜன் அணுக்கள். கணக்கில் சேர்க்காவிட்டால் அந்த நைட்ரஜனில் எட்டில் ஒரு பங்கு காணாமல் போகும். செல்லை 80 டிகிரிக்குச் சூடாக்கினால் பெரும்பகுதி பிரிந்துவிடும்.

14. முதல்ல ஓசோன் நல்லா வந்துச்சு, கொஞ்ச நேரத்துல காணோம். கருவி கெட்டுப்போச்சா?

இல்லை, பிளாஸ்மா கட்சி மாறிவிட்டது. தடுப்பு மின்னிறக்கத்தில் ஆற்றலும் சுவரின் சூடும் ஏற ஏற, ஓசோன் தரும் நிலையிலிருந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் தரும் நிலைக்கு அது தாவும். நைட்ரிக் ஆக்சைடும் ஓசோனும் ஒன்றையொன்று விடாது: 1000 பிபிஎம் ஓசோனில் நைட்ரிக் ஆக்சைடின் ஆயுள் சுமார் 2 மில்லி விநாடி. எனவே ஒரே நிறமாலையில் இரண்டும் பெரிதாகத் தெரிந்தால், செல்லுக்குள் பழைய வாயுவும் புதிய வாயுவும் கலந்திருக்கின்றன, அல்லது தாவல் நடக்கும் நடுவே சராசரி எடுத்திருக்கிறீர்கள்.

இதைத் தொடர்ந்து கண்காணிக்க 254 நானோமீட்டர் உட்கவர்தல் போதும். அங்கே ஓசோனின் உட்கவர் குறுக்குவெட்டு (ஒரு மூலக்கூறு ஒளியை மறைக்கும் பரப்பு) 1.1×10⁻¹⁷ சதுர சென்டிமீட்டர். 1000 பிபிஎம் இருந்தால் 10 சென்டிமீட்டர் பாதையில் ஒளி பதினாறில் ஒரு பங்காகிவிடும். அதற்கு மேல் செறிவு இருந்தால் பாதையை 1 சென்டிமீட்டராக்குங்கள். டை ஆக்சைடை 400 நானோமீட்டர் அருகே பாருங்கள், ஓசோன் அங்கே குறுக்கிடாது.

15. லேசர் முறைகள் எப்போ அவசியம்?

அணுக்களின் உண்மையான அடர்த்தி வேண்டும்போது. 777 நானோமீட்டர் வரி ஆக்சிஜன் அணுவைக் கிளர்த்துவதாலும் வரும், மூலக்கூறு உடையும்போதே கிளர்ந்த அணு பிறப்பதாலும் வரும். ஆர்கானைச் சிறிது கலந்து 844.6, 750.4 வரிகளை ஒப்பிடும் ஆக்டினோமெட்ரி கொஞ்சம் மேல். அதுவும் போக்கைக் காட்டவே. துல்லியத்துக்கு இரு ஃபோட்டான் லேசர் ஒளிர்வு: நைட்ரஜன் அணுவுக்கு 206.65 நானோமீட்டரில் கிளர்த்தி 742–747-இல் பார்த்து, கிரிப்டானை 204.13-இல் வைத்து அளவுதிருத்தம் செய்வார்கள், ஆக்சிஜனுக்கு 225.6, அளவுதிருத்தம் செனானில். வளிமண்டல அழுத்தத்தில் தணிப்பு நானோவிநாடியில் முடிவதால் ஒளிர்வின் ஆயுளை அளக்க வேகமான உணரியும் குறுகிய துடிப்பும் இல்லாமல் இறங்க வேண்டாம்.

16. தண்ணியில கரைச்சு புற ஊதாவில் நைட்ரேட் அளக்கிறேன். சரியா?

நைட்ரேட்டின் 302 நானோமீட்டர் பட்டை மிக வலுக்குறைந்தது: 1 மில்லிமோலார் கரைசல் 1 சென்டிமீட்டர் செல்லில் 0.007 உட்கவர் அளவு மட்டுமே காட்டும். 200–220 பகுதி வலுவானது, ஆனால் நைட்ரைட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் அதே இடத்தில் உட்கவரும். நைட்ரைட்டை 354-இல் பார்க்கலாம். விரல்கள் போல ஏற்ற இறக்கம் தெரிந்தால் அது அமிலத்தில் நைட்ரஸ் அமிலமாக மாறியிருக்கிறது என்று பொருள்.

அமிலமும் பெராக்சைடும் சேர்ந்த நீரில் நைட்ரைட் நிற்காது, நைட்ரேட்டாகப் போய்விடும். மாதிரி எடுத்த உடனே பாஸ்பேட் தாங்கலால் நடுநிலையாக்குங்கள். பெராக்சைடைக் கேட்டலேஸ் நொதியால் அழிக்கலாம். நைட்ரைட் இல்லாமல் நைட்ரேட்டை மட்டும் அளக்கச் சல்ஃபாமிக் அமிலம் உதவும்.

17. ஹைட்ரஜன் மட்டும் விட்டாலும் அமோனியா வருது!

வரும். முந்தைய சோதனையில் எஃகுச் சுவரில் பதிந்த நைட்ரஜன் ஹைட்ரஜன் பிளாஸ்மாவில் அமோனியாவாக வெளியேறுகிறது. அதோடு அமோனியா சுவரில் ஒட்டி மெல்ல மெல்ல விடுபடும். குழாயையும் செல்லையும் 100 டிகிரிக்கு மேல் வையுங்கள், எண் நிலையாக நிற்கும்வரை காத்திருங்கள், ஹைட்ரஜன் மட்டும், நைட்ரஜன் மட்டும், பிளாஸ்மா இல்லாமல் கலவை ஆகிய மூன்று வெற்றுச் சோதனைகளையும் அறிக்கையில் காட்டுங்கள். ஒரே செல்லில் காற்றுப் பிளாஸ்மாவும் அமோனியாச் சோதனையும் மாறி மாறி ஓடினால் சாளரத்தில் அம்மோனியம் நைட்ரேட் வெண்பொடியாகப் படியும்.

18. மோலுக்கு எத்தனை மெகாஜூல்னு கணக்கு போட்டா ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு விடை வருதே?

கணக்கு சின்னது. 500 வாட், நிமிடத்துக்கு 10 லிட்டர் காற்று, 1 சதவீதம் நைட்ரஜன் ஆக்சைடுகள். ஓட்டக் கட்டுப்பாட்டுக் கருவியின் லிட்டர் 0 டிகிரி அடிப்படையில் என்றால் மோலுக்கு 22.4 லிட்டர்: விநாடிக்கு 7.4×10⁻⁵ மோல், ஆக மோலுக்கு 6.7 மெகாஜூல். அதே லிட்டரை 25 டிகிரி என்று எடுத்து 24.5 போட்டால் 7.35. ஒன்பது சதவீத வேறுபாடு வெறும் அனுமானத்தில் வந்துவிட்டது.

பெரிய வேறுபாடு வாட்டில்தான். சுவர்ச் செருகியில் அளந்ததா, மின்னழுத்த-மின்னோட்ட அலைவடிவைப் பெருக்கி எடுத்ததா, தடுப்பு மின்னிறக்கத்துக்கு மின்னூட்ட-மின்னழுத்த வரைபடத்தின் பரப்பா என்று சொல்ல வேண்டும். 1943-இல் மான்லி காட்டிய அந்தப் பரப்பு முறை பிளாஸ்மாவுக்குள் போனதை மட்டும் தரும். மின்மாற்றியின் இழப்பு அதில் இல்லை.

19. எல்லா அளவீடும் சரி பார்த்தாச்சு. ஆனா அளந்த வெப்பநிலையைப் போட்டு மாடல் ஓட்டினா விளைச்சல் ரெண்டு மடங்கு வருது.

நீங்கள் அளந்தது ஒளிரும் இடத்தின் வெப்பநிலை. சி நிலையின் ஒளி எலக்ட்ரான்கள் சூடாக இருக்கும் மெல்லிய மையத்திலிருந்து வருகிறது. வழுக்கு மின்வில்லில் வாயுவின் பெரும்பங்கு அந்த இழையைத் தொடாமலே கடந்து போகும். மைக்ரோவேவிலும் ஓரம் மையத்தைவிட வெகுவாகக் குளிர்ந்தது. மையத்தின் எண்ணை முழு ஓட்டத்துக்கும் போட்டால் விளைச்சல் வீங்கத்தான் செய்யும். பக்கவாட்டில் புள்ளி புள்ளியாக அளந்து ஏபல் மாற்றத்தால் (பக்கவாட்டு அளவீட்டை மையத்திலிருந்து உள்ள தூரவாரியாக மாற்றும் கணக்கு) ஆரப் பரவலைப் பெறுங்கள். வில் நகர்ந்தால் சமச்சீர் இல்லை, ஏபல் செல்லாது. அப்போது வேகப் படக்கருவியால் இழையின் அகலத்தை அளந்து, ஓட்டத்தில் எந்தப் பங்கு அதன் வழியே போகிறது என்று கணக்கிடுங்கள்.

அதன் பிறகும் இடைவெளி இருந்தால் பிளாஸ்மாவுக்குக் கீழே பாருங்கள். ஒளி அணைந்த பின்னரும் வாயு 2000 கெல்வினுக்கு மேல் இருக்கும் சில மில்லிவிநாடிகளில் உருவான நைட்ரிக் ஆக்சைடில் ஒரு பகுதி திரும்பிச் சிதைகிறது. அங்கே உமிழ்வு இல்லாததால் உமிழ்வு நிறமாலை எதுவும் சொல்லாது. 5.26 மைக்ரோமீட்டர் அருகே வேலை செய்யும் குவாண்டம் அடுக்கு லேசரை வெளியேற்றுக் குழாயின் குறுக்கே விட்டு, ஓட்டத்தின் திசையில் இரண்டு மூன்று இடங்களில் நைட்ரிக் ஆக்சைடை அளந்தால் இழப்பு எங்கே நடக்கிறது என்று தெரியும். நீர்க்குளிர்ச்சியை எத்தனை சென்டிமீட்டர் தள்ளி வைப்பது என்பதையும் அந்த அளவீட்டைக் கொண்டே முடிவு செய்யலாம்.